காது மடிந்த பூனை, குட்டைக்கால் பூனை: வாங்குமுன் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி வந்தது. அதுவரை "வளர்க்கலாமா?" என்று தயங்கியவர்கள் இப்போது "எந்த ரகம் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ரோமமே இல்லாதது, ஓநாய் முகம் கொண்டது, காது மடிந்தது, சிறுத்தைப் புள்ளி போட்டது என்று கைபேசியில் படங்கள் வந்து குவிகின்றன. இந்தத் தோற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரபணு மாற்றமோ ஒரு காட்டு மூதாதையோ இருக்கும். கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு அந்த மாற்றம் நின்றுவிடும் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

காதைப் பார்த்துவிட்டு வாலைத் தொட்டுப் பார்க்காதது

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் ரகம் முழுவதும் 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்தது. காதை மடியவைப்பது டிஆர்பிவி4 என்ற மரபணுவில் உள்ள மாற்றம். காதுக் குருத்தெலும்பைக் கெடுக்கும் அதே மாற்றம் கணுக்கால், பாதம், வால் என்று குருத்தெலும்பு இருக்கும் இடத்தையெல்லாம் கெடுக்கிறது. "எங்கள் பரம்பரையில் அந்த நோய் இல்லை" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். காது மடிந்த பூனை எல்லாவற்றுக்கும் இந்தக் கோளாறு உண்டு. சிலவற்றுக்கு லேசாக இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வயதுக்குள் நடையே போய்விடும். பிரிட்டனின் ஜிசிசிஎஃப் பதிவு அமைப்பு 1970களிலேயே இந்த ரகத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது.

குட்டியை நேரில் பார்க்கும்போது வாலின் அடியிலிருந்து நுனிவரை விரல்களுக்கிடையே மெல்ல நழுவவிடுங்கள். நல்ல வால் ஈரக் கயிறு போல எந்தப் பக்கமும் இளகும். அடிப்பகுதி தடித்து, மரக்குச்சி போல விறைத்திருந்தால் எலும்புகள் ஒட்டத் தொடங்கிவிட்டன என்று பொருள். வளைத்துப் பார்க்கிறேன் என்று அழுத்தாதீர்கள், அதற்கு வலிக்கும். அடுத்து பின்பாதங்களைப் பாருங்கள்: விரல்கள் அகன்று, பாதம் கட்டை போல் இருக்கிறதா? பிறகு குட்டியைத் தரையில் விட்டு, முழங்கால் உயர நாற்காலியில் தீனியை வையுங்கள். தாவாமல் சுற்றிச் சுற்றி வந்தாலோ, ஏறியபின் இறங்கத் தயங்கினாலோ அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது.

முதுகைச் சாய்த்து, பின்கால்களை முன்னால் நீட்டி, "மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கு பாரு" என்று பகிரப்படும் காணொளிகளில் பல, மூட்டுக்குப் பாரம் கொடுக்காமல் இருக்க அந்தப் பூனை கண்டுபிடித்துக்கொண்ட வழி. அந்த உருண்டை முகம்தான் வேண்டுமென்றால் அதே ஈற்றில் பிறந்த நேர்க்காதுக் குட்டியைக் கேளுங்கள். அதற்கு அந்த மரபணு இல்லை. குட்டிகள் எல்லாமே நேர்க்காதோடுதான் பிறக்கும், மடிவது மூன்று நான்கு வாரங்களில்தான். பிறந்த வாரத்திலேயே "ஃபோல்ட் உறுதி" என்று முன்பணம் கேட்பவர் ஊகத்தை விற்கிறார்.

மஞ்ச்கின்னின் குட்டைக்கால்களும் ஒரே மரபணு மாற்றத்தால் வருபவை. தாயும் தந்தையும் குட்டைக்காலாக இருந்தால், இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெறும் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். அதனால் பொறுப்பான வளர்ப்பாளர் ஒரு பக்கம் நெடுங்கால் பூனையையே சேர்ப்பார். இரு பெற்றோரின் படத்தையும் கேட்டு, இரண்டும் குட்டை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இதோடு ரோமமில்லாத ஸ்ஃபிங்க்ஸைக் கலந்தால் பாம்பினோ, அதன்மேல் சுருண்ட காதையும் சேர்த்தால் டுவெல்ஃப். ஒரு குறைக்குமேல் இன்னொன்றை அடுக்கி அதற்குப் புதுப்பெயர் வைப்பதை ரகம் என்று ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தலைமுறையை எண்ணாமல் பெங்கால் வாங்குவது

பெங்கால் ரகத்தின் காட்டு மூதாதை ஆசியச் சிறுத்தைப்பூனை. அந்தக் காட்டுப்பூனை இன்றும் தெக்கோங் தீவிலும் நம் மேற்கு நீர்ப்பிடிப்புக் காட்டிலும் உலவுகிறது, அவ்வளவு பக்கத்துச் சொந்தம். சவானா ரகத்தின் மூதாதை ஆப்பிரிக்காவின் சர்வல் என்ற காட்டுப்பூனை. சிங்கப்பூரில் இந்த இரு ரகங்களிலும் முதல் நான்கு தலைமுறைகளுக்கு அனுமதி இல்லை. ஐந்தாம் தலைமுறை, அதாவது எஃப்5 முதல்தான் வளர்க்கலாம், அதற்கும் வம்சச் சான்று வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். பெங்கால் சான்றிதழில் "எஸ்பிடி" என்ற முத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்று தலைமுறை பெங்காலோடு பெங்கால் சேர்ந்தால் அந்த முத்திரை கிடைத்துவிடும், எஃப்4 பூனையும் அதில் அடங்கும். முத்திரையை விட்டுவிட்டு வம்சத்தாளை விரித்து எண்ணுங்கள். பூனையின் பெற்றோர் ஒன்று, தாத்தா பாட்டி இரண்டு, இப்படிப் பின்னோக்கிப் போகும்போது காட்டுப்பூனையின் பெயர் நான்காம் வரிசையிலோ அதற்கு முன்போ எங்கேயும் வரக்கூடாது. மூன்று வரிசை மட்டும் அச்சிட்ட தாளில் நான்காவது தெரியாது, ஐந்து வரிசைத் தாள் கேட்டு வாங்குங்கள்.

"எஃப்2 ஆண், இனப்பெருக்கத்துக்கு உத்தரவாதம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகரலாம். முதல் சில தலைமுறைக் கலப்பின ஆண்கள் பொதுவாக மலடு.

சட்டம் அனுமதித்தாலும் நாலறை வீடு அனுமதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. பெங்காலுக்குக் கூரையை எட்டும் ஏறுமரமும், நாளுக்கு இரண்டு முறையாவது மூச்சிரைக்கும் விளையாட்டும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அதிகாலை மூன்று மணிக்குக் கத்தும், சோபாவில் சிறுநீர் அடிக்கும். அக்கம்பக்கத்தார் புகார் வந்தபிறகு தத்துக்கொடுக்க ஆள் தேடுவது எளிதில்லை.

ரோமமில்லாத பூனைக்குத் தேங்காயெண்ணெய்

"பாவம், தோல் காய்ந்திருக்கு" என்று பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். ஸ்ஃபிங்க்ஸின் தோல் காய்வதில்லை. எல்லாப் பூனைகளுக்கும் சுரக்கும் எண்ணெயை ரோமம் உறிஞ்சிவிடும், இதற்கு உறிஞ்ச ஆள் இல்லாததால் அது தோலிலேயே தங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன்மேல் தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் மடிப்புகளில் ஈஸ்ட் பிடித்து, புளித்த வாடையோடு பழுப்பு அழுக்கு படியும்.

வாரம் ஒரு குளியல் போதும். வெதுவெதுப்பான நீர், பூனைக்கான மென்மையான ஷாம்பு, சுமார் ஐந்து நிமிடம். அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, நக அடி ஆகிய நான்கு இடங்களில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். நுரை மிச்சமில்லாமல் அலசி, துண்டால் ஒற்றி, மடிப்புகளைப் பிரித்து உலர்த்துங்கள். தினமும் குளிப்பாட்டினால் தோல் எரிச்சலடைந்து கூடுதலாக எண்ணெய் சுரக்கும். காதில் வரும் பழுப்பு மெழுகு இந்த ரகத்துக்கு வழக்கமானதே. கறுத்து, காப்பித்தூள் போல உதிர்ந்து, பூனை காதைப் பிறாண்டினால் மட்டும் உண்ணிக்காகக் காட்டுங்கள். நண்பகல் வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது, தோல் பொசுங்கும். இரவு குளிர்சாதனத்தை 20 டிகிரிக்கு இறக்கிவிட்டுத் தூங்குபவர்கள் ஒரு போர்வைக் கூடு வைத்துவிடுங்கள்.

முடியில்லை, அதனால் அலர்ஜி வராது என்பதும் பொய். அலர்ஜியைத் தூண்டும் புரதம் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கிறது, முடி அதைச் சுமக்கும் வண்டி மட்டுமே. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாங்குமுன் அந்தப் பூனையோடு ஒருமுறைக்கு மேல், நேரம் எடுத்துப் பழகிப் பார்க்கட்டும்.

ஓநாய்ப்பூனை எனப்படும் லைகாய் வேறு கதை. 2010 வாக்கில் அமெரிக்காவில் உருவான ரகம். கண்ணைச் சுற்றியும் மூக்கோரமும் ரோமம் இருக்காது, அவ்வப்போது உடம்பிலும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இதனால் இருபக்கமும் குழப்பம். இயல்பான உதிர்வை நோயென்று மருந்து போடுவோர் உண்டு, வட்டவட்டமாகச் செதில் தட்டிப் பரவும் படர்தாமரையை "லைகாய்தானே" என்று விட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றவைப்போர் உண்டு. வட்ட ஓரமும் செதிலும் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

"நம்ம ஊர்ப் பூனை" என்ற பெயரில்

சிங்கப்பூரா ரகம் நம் சாக்கடைப் பூனைகளின் வாரிசு என்ற கதையோடு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1970களின் நடுவில் இங்கிருந்து கொண்டுபோனதாகச் சொல்லப்பட்ட பூனைகள் 1974இல் அமெரிக்காவிலிருந்தே இங்கு வந்தவை என்பது பின்னர் ஆவணங்களில் தெரியவந்தது. மரபணு ஆய்வும் அதை பர்மியப் பூனைக்கு மிக நெருக்கமாகக் காட்டியது. ஆனாலும் சுற்றுலாச் சின்னமாக "குசிந்தா" என்று பெயர் பெற்றது, கவனா பாலத்தடியில் அதற்கு வெண்கலச் சிலைகளும் உண்டு.

அந்தப் பெருமையில் பழுப்பு நிறத் தெருக்குட்டியைப் பெரும் தொகைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தெருக்குட்டியை இலவசமாகத் தத்தெடுங்கள், அது நல்ல காரியம். ரகமென்று பணம் கேட்டால் பதிவுத்தாள் கேளுங்கள். வாலையும் பாருங்கள்: நம் தெருப்பூனைகள் பலவற்றின் வால் குட்டையாகவோ முறுக்கியோ இருக்கும், சிங்கப்பூராவின் வாலில் அப்படி வளைவு இருக்கக்கூடாது. மூலப் பூனைகள் ஒரு கைப்பிடி என்பதால் இதில் நெருங்கிய ரத்தக் கலப்பு அதிகம். பைருவேட் கைனேஸ் குறைபாடு என்ற சோகைநோயும் ஓடுகிறது, பெற்றோர் இருவரின் டிஎன்ஏ முடிவும் வேண்டும்.

சோதனைத் தாளில் எதைப் பார்ப்பது

பெற்றோரின் சோதனைத் தாளில் மைக்ரோசிப் (தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண் இல்லையென்றால் அது எந்தப் பூனையின் தாளாகவும் இருக்கலாம். பதினைந்து இலக்கமும் பெற்றோரின் சிப்போடு ஒத்துப்போக வேண்டும். "டிஎன்ஏ கிளியர்" என்ற ஒரு வரி இதயத்துக்குப் பொருந்தாது. ஸ்ஃபிங்க்ஸ், பெங்கால், மெய்ன் கூன் ஆகியவற்றில் இதயத்தசை தடிக்கும் நோயை டிஎன்ஏ சோதனை முழுமையாகப் பிடிப்பதில்லை. பெற்றோருக்குக் கடந்த ஓராண்டுக்குள் எடுத்த எக்கோ ஸ்கேன் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தையது பழைய செய்தி.

விலை சந்தேகப்படும்படி மலிவாக, சந்திக்குமிடம் கார்நிறுத்தமாக, தடுப்பூசி அட்டை பக்கத்து நாட்டுக் கிளினிக்குடையதாக இருந்தால் குட்டி எல்லை தாண்டிக் கடத்தி வரப்பட்டிருக்கலாம். அனுமதியின்றி விலங்கு கொண்டுவருவோருக்கு 10,000 வெள்ளிவரை அபராதமோ ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வாங்கியவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு ஒரு குட்டி.

வீடு தயாராகுமுன் பூனையை அழைப்பது

வீவக வீட்டில் இரண்டு பூனைகள்வரைதான். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இதற்கான மாறுகாலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய கம்பித்தடுப்பு போட்டிருக்கிறோம் என்று நிம்மதியடையாதீர்கள். தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழையும், அதிலும் சிங்கப்பூரா இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். அதற்குமேல் வலை அடித்து, துணி காயப்போடும் பக்கத்தையும் வாசல் கேட்டையும் மறக்காமல் மூடுங்கள். பூஜை மாடத்துக் கற்பூரம், அலமாரி அந்துருண்டை, வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு மூன்றும் பூனைக்கு நஞ்சு.

குட்டி வந்த சில நாள்களுக்குள் மருத்துவரிடம் காட்டி, அங்கேயே சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கருவியில் வரும் எண்ணை வம்சத்தாளிலும் பரிமாற்றப் படிவத்திலும் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் மீதிப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்திவையுங்கள்.