வெயிலில் பயிற்சியா? செல்போன் காட்டும் டிகிரியை நம்பாதீர்கள்

நேற்று 40-லேயே ஆடினோமே, இன்றைக்கு 35தானே என்று பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிவிடும் பயிற்சியாளர்கள் நிறையப் பேர். அந்த எண் நிழலில் இருக்கும் காற்றின் சூடு மட்டும்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கத்தில் அது காயாமல் வழிந்தே வீணாகும். புழுக்கம், வெயில், காற்று எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்குவதுதான் டபிள்யூபிஜிடி (வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்) என்ற வெப்ப அளவு. 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வெயிலுக்கு வீரர்கள் சுருண்டு விழுந்ததால் உருவாக்கிய அளவு இது.

முதலில் கருவி. கையடக்க மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இல்லையா, மூன்று தெர்மாமீட்டர் போதும். ஒன்று நிழலில், காற்று படும்படி. இரண்டாவதன் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் நுனியைச் சுத்தமான தண்ணீரில் தொங்கவிட்டு வெயிலிலேயே வையுங்கள் (திரி அழுக்கானால் கணக்கே தப்பிவிடும், அடிக்கடி மாற்றுங்கள்). மூன்றாவது, பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சுள்ள 15 செ.மீ. உள்ளீடற்ற செம்பு உருண்டையின் நடுவில்.

அடுத்து, ஆடுகிற இடத்திலேயே நெஞ்சுயரத்தில் ஸ்டாண்டில் பொருத்துங்கள். மரத்தடியில் வைத்து அளந்தால் பயனில்லை. உருண்டை சூடேறி நிலைக்க அரைமணி நேரம் விடுங்கள்.

அப்புறம் கணக்கு: ஈரத்திரி அளவு × 0.7, உருண்டை அளவு × 0.2, நிழல் அளவு × 0.1, மூன்றையும் கூட்டுங்கள். கடலோர ஊரில் நிழலில் 35, திரியில் 28, உருண்டையில் 48 என்றால் 32.7 வரும். வறண்ட ஊரில் 40, 23, 54 என்றால் 30.9தான். 35 டிகிரிதான் அதிக ஆபத்து, பார்த்தீர்களா!

சரி, எப்போது நிறுத்துவது? இந்தக் கணக்கு 32-ஐத் தாண்டினால் குளிர்விக்கும் இடைவேளை என்பது 2014 உலகக் கோப்பையில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வழக்கம். பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் நெதர்லாந்து–மெக்சிகோ ஆட்டத்தை அப்படித்தான் இடைவேளைக்காகச் சற்று நிறுத்தினார்கள். அது வெயிலுக்குப் பழகிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கும், விடுமுறை முடிந்து இப்போதுதான் வந்தவர்களுக்கும் 30-லேயே ஓட்டத்தைக் குறையுங்கள், 32 வந்தால் மாலைக்குத் தள்ளிவிடுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அரைமணிக்கு ஒருமுறை மறுபடி அளவு எடுங்கள்.

எண் குறைவாக இருந்தாலும் கண் பிள்ளைகள் மேலேயே இருக்கட்டும். யாராவது தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து, தலை சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போர்த்தி, சூடேற ஏற மாற்றிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.