அலுவலக அச்சுப்பொறியில் தொலைநகல்: இணைப்பும் பாதுகாப்பும்

அலுவலகத்துக்கென்று வாங்கும் மல்டிஃபங்ஷன் அச்சுப்பொறிகள் பலவற்றில் தொலைநகல் வசதி உடன் வந்துவிடுகிறது. காப்பீட்டு நிறுவனமோ வெளிநாட்டு வாடிக்கையாளரோ "உங்கள் ஃபேக்ஸ் எண் என்ன?" என்று கேட்கும் நாளில்தான் நாம் பின்பக்கத்தில் தொலைபேசிக் கம்பியைச் செருகுகிறோம். அப்போதிலிருந்து அந்தப் பெட்டிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று அலுவலக நெட்வொர்க்கில் திறக்கிறது. மற்றொன்று, எண் தெரிந்த எவரும் அழைக்கக்கூடிய தொலைபேசி இணைப்பில் திறக்கிறது. முதலாவதற்கு ஃபயர்வால் காவல் இருக்கிறது. இரண்டாவதற்கு நாமாக ஏற்பாடு செய்தால்தான் காவல். எனவே தொலைநகலை இயக்கும் வேலையையும் அதைப் பூட்டும் வேலையையும் ஒரே நாளில் முடித்துவிடுவது நல்லது.

இணைப்பு

முதலில் தொலைபேசி இணைப்பு எவ்வகை என்று பாருங்கள். செம்புக் கம்பியில் வரும் பழைய தரைவழி இணைப்பில் சிக்கல் குறைவு. இப்போது பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட நிறுவனங்கள் பல இடங்களில் தரைவழி எண்களை ஃபைபருக்கு மாற்றிவிட்டதால், மோடத்தின் 'ஃபோன்' துளையில் செருகிய கருவியின் ஒலி, தரவுப் பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கிறது. பேச்சில் ஒரு பொட்டலம் தொலைந்தால் காதுக்குத் தெரியாது. தொலைநகலில் அதுவே பக்கத்தைப் பாதியில் அறுத்துவிடும். இத்தகைய இணைப்பு என்றால், டி.38 வசதி (தொலைநகலை இணையவழியில் அனுப்புவதற்கான நெறிமுறை) உண்டா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் ஒலியைப் பெரிதாகச் சுருக்காத ஜி.711 கோடெக்கையாவது (ஒலியைத் தரவாக மாற்றும் முறை) அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஜி.729 போன்ற கோடெக்குகள் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் வழியே தொலைநகல் ஒழுங்காகப் போகாது.

அச்சுப்பொறியின் பின்புறம் ஒரே மாதிரியான இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பி 'லைன்' என்று குறித்த துளையில்தான் போக வேண்டும்; 'எக்ஸ்ட்' அல்லது 'டெல்' என்று குறித்தது, கூடவே வைக்கும் தொலைபேசிக்கானது. டயல் டோன் இல்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அதே கம்பியில் டி.எஸ்.எல். இணையமும் வருமானால், இடையில் இணைய அலைகளைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று அவசியம்.

அடுத்து, தேதி, நேரம், அலுவலகப் பெயர், எண் ஆகியவற்றைப் பதியுங்கள். இவைதான் அனுப்பும் பக்கத்தின் தலைவரியில் அச்சாகும். அமெரிக்காவில் இது சட்டத் தேவை: அனுப்பிய தேதி, நேரம், அனுப்புநரின் அடையாளம், தொலைபேசி எண் ஆகியவை முதல் பக்கத்திலோ ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலோ இருக்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், கெடு தேதிக்குள் அனுப்பினோமா என்ற கேள்வி எழும்போது தலைவரியில் தவறான ஆண்டு அச்சாகியிருந்தால் வாதாடுவது கடினம்.

வெளியழைப்புக்கு முன் 0 அழுத்த வேண்டிய உள் இணைப்பகம் இருந்தால், அந்த 0 எண்ணையும் அதன்பின் ஒரு இடைநிறுத்தத்தையும் முன்னொட்டாக அமையுங்கள். தொலைநகலுக்கென்றே தனி எண் இருந்தால் பதிலளிக்கும் முறையைத் தானியங்கியாக வையுங்கள். பேச்சுக்கும் அதே எண் என்றால், 'ஃபேக்ஸ்/டெல்' முறை உதவும். அதில் கருவி அழைப்பை எடுத்து, எதிர்முனையிலிருந்து 1100 ஹெர்ட்ஸ் ஒலி வருகிறதா என்று கேட்டு, வந்தால் தொலைநகலாக ஏற்கும், இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிட மணி அடிக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, சூப்பர் ஜி3 எனப்படும் வேகமான வகைக் கருவிகள் வினாடிக்கு 33,600 பிட் வரை முயலும். ஃபைபர் இணைப்பில் அடிக்கடி தோல்வி வந்தால், அதை 14,400-க்கும், தேவைப்பட்டால் 9,600-க்கும் குறையுங்கள். பிழைதிருத்த முறையான ஈ.சி.எம்.-ஐ அணைத்துவிடுமாறு சிலர் சொல்வார்கள். அணைத்தால் அழைப்பு பாதியில் அறுபடாமல் முடியும் என்பது உண்மைதான். ஆனால் வரிகள் சிதைந்த பக்கத்தையும் கருவி 'அனுப்பப்பட்டது' என்றே காட்டக்கூடும். மருந்தின் அளவோ வங்கிக் கணக்கு எண்ணோ இருக்கும் தாளுக்கு அது ஆபத்து. வேகத்தைக் குறைத்தும் பயனில்லாதபோதுதான் அதைத் தொட வேண்டும். சோதனைக்கு, பொடி எழுத்தும் முத்திரையும் கையெழுத்தும் உள்ள சில பக்கங்களை அனுப்பி, எதிர்முனையில் வந்த தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டுதல்

அச்சுப்பொறியின் ஐ.பி. முகவரியை உலாவியில் இட்டால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். நிர்வாகிக் கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை என்றால் முதல் வேலை அதுதான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் கையேட்டிலேயே இருக்கலாம், கையேடோ இணையத்தில் கிடைக்கும்.

அடுத்தது ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள். 2018 ஆகஸ்டில் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டெஃப் கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஒரு தாக்குதலை நிகழ்த்திக் காட்டினார்கள். எச்பி ஆஃபிஸ்ஜெட் வகைக் கருவிக்குத் தீங்கான படக் கோப்பு ஒன்றை வண்ணத் தொலைநகலாக அனுப்பி, கருவியைத் தங்கள் வசமாக்கி, அதன் வழியாக அதே நெட்வொர்க்கில் இருந்த கணினிக்குள் நுழைந்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது தொலைநகல் எண் மட்டுமே. அதை நாமே விசிட்டிங் கார்டில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். எச்பி அந்த ஓட்டையை அடைத்துப் புதுப்பிப்பை வெளியிட்டுவிட்டது என்றாலும், புதுப்பிக்காத கருவிக்கு அதனால் பயனில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதோடு, வண்ணத் தொலைநகலைப் பெறுவதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். அச்சுப்பொறியைக் கணக்குப் பிரிவின் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வி.லேனில் (அதே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) வையுங்கள். வெளியிலிருந்து அழைப்பவர் கருவியில் உள்ள ஆவணத்தை இழுத்துக்கொள்ள உதவும் 'போலிங்' வசதியையும் அணைத்துவிடலாம். இன்று அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

இவ்வளவும் செய்தாலும், அன்றாடம் ரகசியம் கசிவது தாக்குதலால் அல்ல, தவறான எண்ணாலும் தட்டில் கிடக்கும் தாளாலும்தான் என்பது என் கருத்து. அடிக்கடி அனுப்பும் எண்களை முகவரிப் பட்டியலில் சேர்த்து, அதைத் திருத்தும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். பட்டியலில் இல்லாத எண்ணை இருமுறை அழுத்தி உறுதிசெய்யும் அமைப்பைப் பல நிறுவனங்களின் கருவிகள் தருகின்றன. எரிச்சலூட்டினாலும் அதை இயக்கி வையுங்கள்.

வரும் தொலைநகல்களை உடனே அச்சிடாமல் நினைவகத்தில் நிறுத்தி, ரகசிய எண்ணை (PIN) கொடுத்த பிறகே அச்சிடும்படி அமைக்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நினைவகம் நிரம்பினால் புதிய தொலைநகல் ஏறாது, சிறிய கருவிகள் சிலவற்றில் மின்சாரம் போனால் சேமித்தவையும் அழிந்துவிடும். எனவே யார், எப்போது எடுப்பது என்று தீர்மானித்து, கருவியை யு.பி.எஸ்.-இல் இணையுங்கள். மின்னஞ்சலுக்குத் திருப்பிவிடுவதாக இருந்தால், அஞ்சல் அமைப்பில், வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் டி.எல்.எஸ். இயக்கத்தில் இருக்க வேண்டும்; வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு இன்னும் நகல் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, அனுப்பிய பின் வரும் அறிக்கைத் தாள். சில கருவிகளில் 'படத்துடன் அறிக்கை' என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும்; அப்போது அனுப்பிய முதல் பக்கத்தின் சிறிய படமும் அறிக்கையில் அச்சாகும். மூல ஆவணத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துவிட்டு, நோயாளியின் பெயரும் பரிசோதனை முடிவும் தெளிவாகத் தெரியும் அறிக்கையைக் குப்பைக்கூடையில் போடுவதில் என்ன பயன்? படமில்லாத அறிக்கையைத் தேர்ந்தெடுங்கள். மைச்சுருள் பயன்படுத்தும் பழைய கருவி இன்னும் ஓடுகிறதென்றால், தீர்ந்த சுருளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சான ஒவ்வொரு எழுத்தும் அதில் வெட்டவெளிச்சமாகப் படிக்கக் கிடைக்கும். அதைத் துண்டாக்கித்தான் எறிய வேண்டும்.

வேண்டாத விளம்பரத் தொலைநகல்களை எண் வாரியாகத் தடுக்கலாம். அடையாளமே காட்டாத எல்லா அழைப்புகளையும் தடுப்பதற்கு முன் யோசியுங்கள். தன் எண்ணைப் பதியாத அரசு அலுவலகத்தின் கடிதமும் அதோடு நின்றுவிடும். மாதம் ஒருமுறை செயல்பாட்டுப் பதிவேட்டை அச்சிட்டு, அலுவலகம் பூட்டியிருந்த நேரத்தில் போன அழைப்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் தேவை இல்லையென்றால் ஐ.எஸ்.டி.-யை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போதோ பழையதை விற்கும்போதோ, முகவரிப் பட்டியலும் சேமித்த தொலைநகல்களும் உள்ளேயே இருக்கும். ஹார்டு டிஸ்க் உள்ள கருவியென்றால், அதை மேலெழுதி அழிக்கும் வசதியை நிர்வாகப் பக்கத்திலிருந்து ஓட்டி, பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, அதன் பின்னரே கருவியை எடுத்துச்செல்ல விடுங்கள்.