முதல் அத்தியாயக் கதைப்புத்தகம்: நடுப்பக்கத்தைத் திறந்து எழுத்தை எண்ணுங்கள்

மகள் மூன்றாம் வகுப்பு. படக்கதைகளைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தது கேட்பாள். சரி, அத்தியாயம் பிரித்த கதைக்குப் போகலாமென்று தருமபுரி புத்தகத் திருவிழாவில் மூன்று புத்தகம் வாங்கினேன். அட்டையில் எட்டு வயது என்றே போட்டிருந்தது. மூன்றிலுமே நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆறு மாதம் தடுமாறிய பிறகுதான் எனக்குப் பிடி கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்ட பிள்ளைகளுக்கான வழி இது.

படி 1: கையில் எடுத்துப் பாருங்கள்

32 முதல் 48 பக்கம் போதும். ஒரு அத்தியாயம் நான்கைந்து பக்கம், எங்கே விரித்தாலும் ஒரு படம், பாடப்புத்தகத்தில் இருக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. வரிகள் நெருக்கமாக இருந்தால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

படி 2: நடுப்பக்கம்

நான் சறுக்கியது இங்கேதான். கடையில் முதல் பக்கத்தை மட்டும் பார்ப்பேன். 'ஒரு ஊரில் ஒரு ஆடு இருந்தது' என்று எளிதாகத்தான் தொடங்கும். நடுவில் போனால் நடையே மாறியிருக்கும்.

ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் கடினம் என்று விரல் மடக்கி எண்ணுகிற ஒரு முறை உண்டு. ஆங்கிலப் புத்தகத்துக்கு அது சரி. தமிழில் எழுத்து தெரிந்த பிள்ளை எந்தச் சொல்லையும் உச்சரித்துவிடும், அதனால் விரலே மடங்காது. சிக்கல் சொல்லின் நீளத்தில் இருக்கிறது. 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்பதில் 14 எழுத்து. மகள் விரலை வைத்து 'பா... ர்... த்... து...' என்று ஒவ்வொன்றாகக் கடந்து, 'கள்' வரைக்கும் வந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, முதல்ல என்ன படிச்சேன்?"

அன்றிலிருந்து நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து எட்டு எழுத்துக்கு மேல் போகும் சொற்களை எண்ணுகிறேன். மூன்றுக்கு மேல் இருந்தால் இந்த வருடம் வேண்டாம். இது நானாக வைத்துக்கொண்ட கணக்கு, உங்கள் பிள்ளைக்கு ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம்.

எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'மரம் ஏறி' என்று பிரித்து அச்சடித்திருக்கிறார்களா, 'மரமேறி' என்று சேர்த்தா? பிள்ளைக்கு மரம் தெரியும், ஏறுவதும் தெரியும். சேர்த்துவிட்டால் இரண்டுமே மறைந்துபோகும். 'வீட்டுக்குள் இருந்து' என்று இடம்விட்டு அச்சிடுகிற பதிப்பகத்தைக் கண்டால் அவர்களுடைய மற்ற புத்தகங்களையும் பாருங்கள். நீளமான சொல் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். அங்கே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரித்துக் கொடுக்கிறேன்: பார்த்துக் | கொண்டு | இருந்தார்கள். சொந்தப் புத்தகத்தில் மட்டும், நூலகப் புத்தகத்தில் வேண்டாம்.

படி 3: ஒரு பக்கம் அவளே படிக்கட்டும்

கடையிலேயே நின்று படிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். முடித்ததும் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கதையைச் சொல்லிவிட்டால் வாங்கலாம். தப்பில்லாமல் படித்துவிட்டுப் பேசாமல் நின்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

எங்கே தேடுவது

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், தமிழகப் பள்ளிக் கல்வித்துறை பள்ளிகளுக்குக் கொடுத்த வாசிப்பு இயக்கச் சிறுநூல்களை ஆசிரியரிடம் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாக வந்தவை. 'ஓடு' சரளமாக வந்துவிட்டால் அத்தியாயக் கதைக்குத் தயார் என்று நான் எடுத்துக்கொள்வேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கேயும் நான்கு நிலைகள் உண்டு. பல கதைகள் மொழிபெயர்ப்பு என்பதால் நிலை எண்ணை மட்டும் நம்பாமல் எழுத்தை எண்ணிப் பாருங்கள். போனில் படிக்கக் கொடுக்காதீர்கள், விரல் வைத்தால் பக்கம் நகர்ந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பதே மேல்.

ஊரில் பெரியவர்கள் பழைய புத்தகங்களை ஆசையாகக் கொடுப்பார்கள். அச்சான வருடத்தைப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றால் ணா, றா, லை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அரூரில் மாமியார் பத்திரமாக வைத்திருந்த புத்தகத்தில் 'யானை' என்ற சொல்லிலேயே மகள் நின்றுவிட்டாள். 'னை'க்குத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. அதை மாமியாரே வாசித்துக் காட்டினார். அந்தப் புத்தகம் இப்போது அவர் வாசிக்க, இவள் கேட்பதற்கு.

பின்னர் சேர்த்தது: ஓசூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். எழுத்தை எண்ணித் தேர்ந்தெடுத்தும் பையன் பாதியில் விட்டுவிடுகிறானாம். பிள்ளைக்குச் சொல் நீளமாக இல்லாவிட்டாலும் காதுக்குப் புதிதாக இருக்கும். எழுத்துத் தமிழ் நம் பேச்சிலிருந்தே தள்ளி நிற்பது, தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டில் இன்னும் தூரம். முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், பெயர்களும் இடமும் காதில் ஏறட்டும் என்று பதில் எழுதினேன். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் பையன். மூன்றாவதை அவனே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான் என்று நேற்று எழுதியிருக்கிறார்.