கோதுமை பீரின் நொதித்தல் மந்தமானால் செய்ய வேண்டியவை

பவேரியாவின் வைஸ்பியர் என்னும் கோதுமை பீரை வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு, நுரை பொங்கி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு) வழியே வழிவது பழகிய காட்சி. பாதிக்கும் மேல் சேர்க்கப்படும் கோதுமை மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய கோதுமையின்) புரதமும், மேலெழுந்து வேலை செய்யும் ஈஸ்ட்டும் சேர்ந்து இரண்டாம் நாளிலேயே நுரையை வாளியின் மூடிவரை கொண்டுவந்துவிடும். அப்படிப் பொங்க வேண்டிய பீர் அசையாமல் கிடந்தாலோ, நான்கு நாள் மும்முரமாக நொதித்துவிட்டுத் திடீரென அடங்கிவிட்டாலோ, காய்ச்சியவரின் கை இன்னொரு ஈஸ்ட் பொட்டலத்தைத்தான் தேடும். அதைப் பிரிப்பதற்கு முன்பு பீரின் ஒப்படர்த்தியை (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இது இறங்கும்) அளந்து பாருங்கள், பிறகு வாளியைச் சற்று வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றிக் காத்திருங்கள். பெரும்பாலான மந்தங்கள் இந்த அளவிலேயே தீர்ந்துவிடும்.

முதலில், தொடக்கமே தாமதமாவதைப் பார்ப்போம். ஈஸ்ட் சேர்த்து 72 மணி நேரம்வரை நுரை எழாமல் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. 1.050 ஒப்படர்த்தியுள்ள 20 லிட்டர் வோர்ட்டுக்கு (நொதிக்கும் முன் உள்ள இனிப்பான மால்ட் கரைசலுக்கு) ஏறத்தாழ 18,000 கோடி ஈஸ்ட் செல்கள் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. புத்தம்புதிய திரவ ஈஸ்ட் பொட்டலம் ஒன்றிலோ சுமார் 10,000 கோடி செல்களே இருக்கும், அதுவும் நாள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். வாழைப்பழ மணம் கூடுதலாக வர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே ஈஸ்ட்டைக் குறைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் அந்த மணத்துக்காகத் தாமதமான தொடக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மூன்று நாளுக்குப் பிறகும் நுரையே இல்லை, ஒப்படர்த்தியும் இறங்கவில்லை என்றால், அப்போது தயங்காமல் புதிய ஈஸ்ட் சேர்த்துவிடலாம்.

நடுவில் நின்றுபோனதாகத் தோன்றும் நொதித்தல்தான் அதிகம் குழப்புவது. ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்பது ஒரு சான்றே ஆகாது. பிளாஸ்டிக் வாளியின் மூடி ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அந்த வழியாக வெளியேறிவிடும். நம்ப வேண்டியது, மிதந்து ஒப்படர்த்தியைக் காட்டும் கருவியான ஹைட்ரோமீட்டர் ஒன்றையே. அதையும் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். எடுத்த மாதிரியை இரண்டு கோப்பைகளுக்கு இடையே ஐந்தாறு முறை மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கிய பிறகே அளக்க வேண்டும்; கோதுமை பீரில் குமிழிகள் கருவியின் தண்டில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடுவதால், அளவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மாதிரி, கருவியில் குறித்துள்ள வெப்பநிலையில், பெரும்பாலும் 20 டிகிரியில், இருக்க வேண்டும். அளந்த மாதிரியை வாளிக்குள் திரும்ப ஊற்றாமல் குடித்துப் பாருங்கள்; இனிப்பு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை நாக்கே சொல்லிவிடும். ஒளிவிலகலைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆல்கஹால் சேர்ந்த பிறகு அந்தக் கருவி காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1.050-இல் தொடங்கி 1.012-இல் ஒழுங்காக முடிந்த பீரைக்கூட அது 1.026 அளவில் நிற்பதுபோலக் காட்டும். நின்றுபோனதாகச் சொல்லப்படும் எத்தனையோ பீர்கள் இப்படி வாசிப்புப் பிழையில் நின்றவையே.

கடந்த நவம்பரில் என் நிலவறையில் இருந்த ஒரு வாளி ஐந்தாம் நாளில் அடங்கிப்போயிற்று. தொடக்க அளவு 1.051, அன்று காட்டியது 1.022. மூடியைத் திறந்தபோது நுரை முழுவதும் விழுந்து, சுவரில் பழுப்பு நிற வளையம் மட்டும் காய்ந்திருந்தது. வாளியின் பக்கத்தில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை 15 டிகிரியைக் காட்டியது. மும்முரமாக நொதிக்கும்போது ஈஸ்ட் தன் வெப்பத்தாலேயே வாளியைச் சூடாக வைத்துக்கொள்கிறது. வேகம் தளர்ந்ததும் அறையின் குளிர் உள்ளே ஏற, ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிந்துவிடுகிறது. வாளியை மாடிக்குத் தூக்கிச் சென்று, கம்பளியால் சுற்றி, 21 டிகிரி உள்ள அறையில் வைத்து, மூடியைத் திறக்காமலே காலையும் மாலையும் வட்டமாக மெல்ல அசைத்துவிட்டேன். மறுநாள் 1.021, நான்காம் நாள் 1.016, ஒன்பதாம் நாள் 1.012. வேறு எதையும் சேர்க்கவில்லை.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் கிடந்தால் அடுப்பருகே வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பீருக்கு அந்த அளவு சூடு ஆகாது. பெரும்பாலான கோதுமை பீர் ஈஸ்ட்டுகளுக்கு 17 முதல் 22 டிகிரி பொருத்தமானது. நொதித்தலின் தொடக்கத்திலேயே 25-ஐத் தாண்டவிட்டால், கிராம்பு மணம் அமுங்கி, வாழைப்பழம் மிகுந்து, தொண்டையைச் சுடும் காட்டம் வந்து சேரும். மணத்தின் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே உருவாகிவிடுவதால், இறுதிக் கட்டத்தில் 22 டிகிரிவரை உயர்த்துவதில் அச்சமில்லை. அசைக்கும்போது நீர் தளும்பக் கூடாது. நொதித்தல் தொடங்கிய பிறகு உள்ளே புகும் ஆக்ஸிஜன் பீருக்கு நனைந்த அட்டையின் நெடியைக் கொடுத்துவிடும்.

வெப்பமூட்டி ஒரு வாரம் ஆகியும் அளவு 1.018 அருகிலேயே நின்றால், ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மால்ட்டை 70 டிகிரிக்கு மேல் ஊறவைத்திருந்தாலும், சிலவகை மால்ட் சாறைக் கொண்டு காய்ச்சியிருந்தாலும், பெரும்பாலான ஈஸ்ட்டுகள் தின்னாத டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துத் துண்டுகள் மிகுந்து, அந்த பீர் அங்கேயேதான் முடியும். இதை அறிய ஜெர்மானியக் காய்ச்சுநர்கள் செய்யும் துரித நொதித்தல் சோதனை மிக நல்லது: வாளியிலிருந்து 200 மில்லியை ஒரு குடுவையில் எடுத்து, அதில் அரைத் தேக்கரண்டி உலர் பீர் ஈஸ்ட்டைப் போட்டு, 25 டிகிரியில் வைத்து, இரண்டு மூன்று நாள் அடிக்கடி குலுக்கி, பிறகு அளக்க வேண்டும். குடுவையும் 1.018-இலேயே நின்றால் உங்கள் பீர் முடிந்துவிட்டது. குடுவை 1.011-க்கு இறங்கினால் வாளியில் இன்னும் வேலை பாக்கி. இந்தச் சோதனையை ஈஸ்ட் சேர்க்கும் நாளிலேயே தொடங்கிவிடுவது இன்னும் சிறந்தது. நான் இப்போது எந்த பீருக்கும் இதைத் தவிர்ப்பதில்லை.

பாக்கி இருப்பது உறுதியான பிறகே புதிய ஈஸ்ட். ஆல்கஹால் நிறைந்து சர்க்கரை குறைந்த பீரில் உலர் ஈஸ்ட்டை நேராகத் தூவினால் பெரும்பாலும் பயன் இருக்காது. ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உலர் மால்ட் சாறைக் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆற்றி, அதில் ஈஸ்ட்டை வளரவிட்டு, நுரை உச்சத்தில் நிற்கும் வேளையில் அப்படியே ஊற்ற வேண்டும். சாஃப்ஏல் யூஎஸ்-05 போன்ற அடக்கமான ஈஸ்ட் போதும். முதல் ஈஸ்ட் தந்த மணம் மாறாது.

டபிள்யூபி-06 என்னும் உலர் கோதுமை பீர் ஈஸ்ட்டைப் பயன்படுத்துபவர்கள் தனியாகப் பொறுமை காட்ட வேண்டும். அது டெக்ஸ்ட்ரினையும் உடைத்துத் தின்னும் டயாஸ்டாட்டிகஸ் வகையைச் சேர்ந்தது. நின்றுவிட்டதுபோல் இருந்து, நாள்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒப்படர்த்தியில் 0.001 மிச்சமிருந்தால் பாட்டிலுக்குள் ஒவ்வொரு லிட்டர் பீருக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் வாயு கூடும். கோதுமை பீருக்கு நாம் வேண்டுமென்றே ஏற்றும் வாயுவே லிட்டருக்கு மூன்று முதல் நான்கு லிட்டர். அதன்மேல் 0.004 மிச்சம் நொதித்தால் மேலும் இரண்டு லிட்டர் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி வெடித்துச் சிதறும். ஆகவே மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்து, சோதனைக் குடுவையின் அளவோடும் பொருந்திய பிறகே பாட்டிலில் அடையுங்கள்; கனத்த வைஸ்பியர் பாட்டில்களையே பயன்படுத்தி, முதல் இரண்டு வாரம் அவற்றை மூடிய பெட்டிக்குள், குழந்தைகள் நடமாடாத இடத்தில் வையுங்கள்.