பாத்திரம் கிடக்கட்டும், நீங்கள் முதலில் உட்காருங்கள்

"எல்லா வேலையும் முடியட்டும், அப்புறம் உட்காரலாம்" என்று இருந்தால் உட்காரவே முடியாது. வீட்டு வேலைக்கு முடிவென்பதே இல்லை. துலக்கிவைத்த டம்ளர் அடுத்த காப்பிக்கே அழுக்காகிவிடும். ஆகவே ஓய்வுக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள். மிஞ்சும் நேரத்துக்குள் வேலையை அடக்குங்கள்.

முதல் வாரம் தினமும் 20 நிமிடம் போதும். எடுத்த எடுப்பிலேயே ஒரு மணி நேரம் என்று வைத்தால் சீக்கிரம் விட்டுப்போகும். 'சாயங்காலம்' என்று பொதுவாக வைக்காமல் 4.30 என்று குறித்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அடுப்பு மேடை கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். சிந்திய மாவு தெரிந்தால் கை தானாகத் துணியைத் தேடும்.

அடுத்து, எதில் குறை வைக்கலாம், எதில் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வால்வை மூடுவது, மாத்திரை கொடுப்பது, மிஞ்சிய குழம்பை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைப்பது போன்றவற்றில் கூடாது. மற்ற வேலைகளுக்கு எதுவரை செய்தால் போதும் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மேடைக்கு ஒருமுறை ஈரத்துணி, பர்னரைக் கழற்றித் தேய்ப்பது சனிக்கிழமை. வெளியே போட்டுப்போகும் துணிக்கு மட்டும் இஸ்திரி. துண்டுகளை மடிக்காமல் கூடையில் போட்டால் போதும்.

குற்ற உணர்ச்சிதான் பெரிய தடை. அதற்கு மனநலச் சிகிச்சையில் பயன்படும் ஒரு சோதனை உண்டு. இரவில் சோற்றுப் பானையை மட்டும் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் தூங்கப் போங்கள். போகும்முன் நோட்டில் எழுதுங்கள்: "காலையில் நாறும், அத்தை ஏதாவது சொல்வார். பயம் 100க்கு 80." காலையில் உண்மையில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். பெரும்பாலும், ஊறிய பருக்கை சுலபமாக வந்துவிட்டது என்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது. பயத்தின் எண் பாதியாகும்வரை அதே பானை. பிறகு அடுத்த வேலை.

இது பலிக்காமல் போவது இரண்டு இடங்களில். நடுராத்திரி எழுந்து கழுவிவிட்டால் பயம் பொய் என்று தெரியவே தெரியாது. "பரவாயில்லையா?" என்று கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படித்தான். பிள்ளை மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கவும் வேண்டாம். அடுத்தமுறை அவன் தொடமாட்டான்.

பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற இந்தக் குணத்தை 1991இல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக உணர்வது. மூன்றாவது வகையில், வீட்டில் உண்மையாகவே ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தால் நோட்டு மட்டும் உதவாது. அவரிடம் பேசி வேலையைப் பங்கு பிரிக்கத்தான் வேண்டும்.

கழுவுவதும் சரிபார்ப்பதும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.