ஆன்லைன் டெக் உரையில் கேட்பவர்களையும் பேச வைக்க

"ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கேள்வியை மாற்ற வேண்டும். ஸ்லைடு போடுவது, திரையைப் பகிர்வதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. எங்கெங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று போதும்.

2. நிறுத்தும் இடத்தில், நிரலை ஓட்டிக் காட்டும் முன்பே விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, பைத்தான் 3 நிரல்மொழியில் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் வருவது 2-ஆ, 3-ஆ? பள்ளிக் கணக்கின் பழக்கத்தில் 3 என்று சொல்லத் தோன்றும். வருவது 2. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், அதனால் 3.5 என்றால் 4 ஆகும். 3 என்று போட்டவர்தான் இந்தக் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்பார். விடை ஓர் எண்ணாக இருப்பதும் முக்கியம், மொபைலில் பார்ப்பவர் நீளமாக டைப் செய்யமாட்டார்.

3. கேட்டபின் பேசாமல் இருங்கள். எனக்கு இன்றும் கஷ்டமான படி இதுதான். உங்கள் குரல் போய்ச் சேர்ந்து, அவர்கள் யோசித்து, சாட் பெட்டியைத் திறந்து தட்ட நேரம் வேண்டும். நமக்கோ ஐந்து நொடி மௌனமே யுகமாகத் தெரியும். விடையை நாமே உளறிவிடுவோம். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள், தண்ணீர் குடியுங்கள். இன்னொன்று: "டைப் பண்ணி வைங்க, நான் சொன்னதும் என்டர் தட்டுங்க" என்று சொல்லுங்கள். முதல் விடையைப் பார்த்து மற்றவர்கள் தன் விடையை மாற்றுவது நிற்கும். எல்லாம் ஒன்றாகக் கொட்டுவதால் கூச்சப்படுபவரும் துணிந்து போடுவார்.

4. சாட்டைக் கவனிக்க ஒரு நண்பரை அமர்த்துங்கள்.

கருவி என்றால் என் ஓட்டு சாட்டுக்கே. பெயர் தெரியாமல் பதில் வாங்க வேண்டுமென்றால் மட்டும் ஜூம், பிக்புளூபட்டன் போன்ற வீடியோ கூட்டச் செயலிகளில் உள்ளேயே இருக்கும், பெயர் மறைத்து நடத்தும் வாக்கெடுப்பு. மென்டிமீட்டர், ஸ்லைடோ போன்ற தனி வாக்கெடுப்புத் தளங்கள் நல்லவைதான். ஆனால் வேறு டேபுக்குப் போனவர் அங்கிருந்து வேறெங்காவது போய்விடுவார். வினாடி வினா தளமான கஹூட்டில் வழக்கமாக வேகத்துக்கும் மதிப்பெண். நிதானமாக யோசிப்பவர் தோற்கும் விளையாட்டு தொழில்நுட்ப உரைக்கு எதற்கு?

பின்சேர்க்கை: யூடியூப் நேரலையில் பதில்கள் தாமதமாக வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் லேட்டன்சியை (ஒளிபரப்புத் தாமதத்தை) 'அல்ட்ரா லோ' ஆக்குங்கள். 4கே கிடைக்காது, பரவாயில்லை. அப்போதும் சில நொடி இடைவெளி இருக்கும், எனவே இருபதுக்குப் பதில் முப்பது வரை எண்ணுங்கள். அதுவரை கேள்வி திரையிலேயே இருக்கட்டும்.