கொல்லையில் ஊஞ்சல்: நாமே போடலாமா, ஆள் வைக்கலாமா?

குழி வெட்டுவது, கால்களை நிறுத்துவது, கலவை போடுவது, சங்கிலி மாட்டுவது எல்லாம் நீங்களே செய்யுங்கள். வெல்டிங்கை மட்டும் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்படித்தான் போட்டோம். பிள்ளைகளுக்காகப் போட்டது; சாயங்காலமானால் என் மாமியாரும் அதில்தான் உட்காருகிறார்.

வெல்டிங்கில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 60 டிகிரி வரை வீசி ஆடினால், ஊஞ்சல் கீழே வரும் நொடியில் சங்கிலி தாங்குவது 120 கிலோ. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இழுப்பு மேல் பைப்பின் பற்றவைப்பில்தான் போய் விழும். ஒட்டாத வெல்டிங்கும் மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கும். பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தொழில் கற்றுக்கொள்ள ஊஞ்சல் இடமில்லை.

பட்டறையில் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இன்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), நீலப் பட்டை போட்டது. மஞ்சள் பட்டை என்றால் மெல்லிசு, வேண்டாம். மேல் பைப்புக்கு மட்டும் சிவப்புப் பட்டை எடுத்தால் இன்னும் நல்லது. பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பூச்சோடு பற்றவைத்தால் கிளம்பும் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் துத்தநாகப் பெயின்ட். அங்கங்கே பொட்டு வைக்காமல் சுற்றிலும் முழுசாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். சங்கிலிக் கொக்கியை நேராகப் பைப்பில் மாட்டாமல், தடித்த இரும்புப் பட்டையில் துளையிட்டு, உள்ளே புஷ் என்ற சின்ன வளையக் குழல் வைத்து அதில் தொங்கவிட்டால் இரும்போடு இரும்பு உரசாது. ஒவ்வொரு காலின் அடியிலும் குறுக்காக ஒரு துண்டுக் கம்பி வேண்டும். கலவைக்குள் அதுதான் பிடிமானம்.

பெட்டியில் வருகிற ரெடிமேட் ஊஞ்சலுக்கு ஆளே வேண்டாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அவற்றில் பல மெல்லிய பைப். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சரி.

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தென்னைக்கு அடியில் கூடாது, மட்டையும் காயும் விழும். கிணறு, துவைக்கிற கல், மதில் எல்லாம் விலகி இருக்கட்டும். ஊஞ்சல் தொங்கும் மேல் பைப்பின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு முன்னாலும், அதே அளவு பின்னாலும் காலியாக விடச் சொல்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். ஏழடி உயரம் என்றால் பக்கத்துக்குப் பதினாலு அடி. அவ்வளவு கொல்லை இல்லையென்றால் உயரத்தைக் குறையுங்கள். கீழே சிமென்ட் தரை கூடவே கூடாது. முக்கால் அடி மணல் கொட்டுங்கள்.

எங்கள் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால் குழி இரண்டரை அடி ஆழம், ஒன்றரை அடி சதுரம் வேண்டும். அடியில் அரை அடிக்கு ஜல்லி போட்டு இடியுங்கள். சட்டம் எழுபது கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டுமானால் கூலிக்கு ஆள் வையுங்கள். சவுக்குக் கம்பால் முட்டுக்கொடுத்து, மேல் பைப்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தக் காலுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள். பிறகு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை: சிமென்ட், மணல், ஜல்லி. கம்பியால் குத்திக் குத்தி இறக்குங்கள். தரைக்கு மேல் கலவையைச் சரிவாகத் தீட்டிவிட்டால் மழைநீர் பைப்பைச் சுற்றித் தேங்காது. துரு முதலில் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

முழு வேலையையும் கான்டிராக்ட் விட்டால் கலவை போட்டதும் ஆள் கிளம்பிவிடுவார். தண்ணீர் ஊற்றுவது எப்படியும் உங்கள் பொறுப்பு. ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். கான்கிரீட் கணக்குப்படி பலம் பிடிக்க 28 நாள். அதுவரை சங்கிலியை மாட்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது.

மாட்டும்போது எஸ் கொக்கியின் வாயை இடைவெளி இல்லாமல் அடித்து மூடுங்கள். கை பிடிக்கும் உயரத்தில் சங்கிலிக்கு மேல் தோட்டத்து ஹோஸ் குழாயைச் செருகினால் விரல் நசுங்காது. முதலில் மணல் மூட்டையை வைத்து ஆட்டுங்கள், பிறகு பெரியவர் ஒருவர், கடைசியில்தான் பிள்ளைகள். மாதம் ஒருமுறை பற்றவைத்த இடங்களில் துருக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள், போல்ட்டுகளை முடுக்குங்கள். கொக்கியில் பள்ளம் விழுந்திருந்தால் அன்றைக்கே ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, புதுக் கொக்கி வாங்கி வந்த பிறகு மாட்டுங்கள்.